மூன்றும் ஒன்றாகவே வரட்டும்

கேள்வி: எங்கள் பகுதியில் உள்ள விலங்குகள் காப்பகத்தில் மூன்று கூஸ் வாத்துகள் இருக்கின்றன. ஓர் ஆண், இரண்டு பெண். கைவிடப்பட்ட ஒரு பண்ணையிலிருந்து மீட்டவை. சிமென்ட் தரையில், குளிக்கத் தண்ணீர் இல்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் அடைபட்டிருந்தவை என்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு ஒரு பக்க இறக்கை வெளிப்புறமாக முறுக்கிக்கொண்டு நிற்கிறது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் புல்தரையும், மீன் வளர்க்கும் சின்னக் குளமும் உண்டு. ஆறு கோழிகள், ஒரு நாய், ஐந்து வயது மகன். முதலில் ஒன்றை மட்டும் கொண்டுவந்து பழகிப் பார்க்கலாம் என்று நினைக்கிறோம். தனியாக வளர்த்தால்தான் நம்மோடு ஒட்டும் என்று சிலர் சொன்னார்கள். இறக்கை கோணலானதை விட்டுவிட்டு நல்லதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாமா? பத்து நாளில் வந்து எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். அதற்குள் என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது 'ஒன்றை மட்டும்' என்ற சொல்தான். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஒன்றை மட்டும் கொண்டுவராதீர்கள். மூன்றையும் வைத்துக்கொள்ள முடிந்தால் மூன்றையும் கொண்டுவாருங்கள். முடியாது என்று தோன்றினால், மூன்றையும் சேர்த்து எடுத்துக்கொள்ளக்கூடிய வேறொருவருக்கு அந்த வாய்ப்பை விட்டுக்கொடுங்கள். அதுவும் அவற்றுக்கு நீங்கள் செய்கிற நல்லதுதான்.

கூஸ் மேய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே காரணம் புரியும். இரண்டு தலை புல்லில் இருந்தால் ஒரு தலை மேலே நிற்கும். நாயோ பருந்தோ வருகிறதா என்று பார்ப்பது அதன் வேலை. சற்று நேரம் கழித்து அது குனியும், இன்னொன்று நிமிரும். தனியாக விடப்பட்ட கூஸுக்கு இரண்டு வேலையும் தன் தலையில்தான். நாலு வாய் கொறிக்கும், நிமிரும், சுற்றிப் பார்க்கும். சரியாகத் தூங்காது. அதோடு இவை ஜோடி சேர்ந்தால் வருடக்கணக்கில் பிரியாத பறவைகள்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆண் கூஸை என்னிடம் கொண்டுவந்தார்கள். பத்து நாளாக இரை எடுக்கவில்லை. ரத்தம், எச்சம் எல்லாம் சோதித்தேன், நோய் எதுவும் தெரியவில்லை. கூண்டில் உட்காரவே மாட்டேன் என்றது. கதவுக் கம்பியை ஒட்டி நின்றுகொண்டு, சில நிமிடத்துக்கு ஒருமுறை ஒரே ஒரு குரல் கொடுக்கும். பிறகு கழுத்தைச் சாய்த்து அசையாமல் காது கொடுத்துக் கேட்கும். துருவிக் கேட்டபோதுதான், அதன் ஜோடியை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தது. ஜோடி திரும்பி வந்த அன்று மாலையே புல்லைக் கொறித்தது. நான் கொடுத்த எந்த மருந்தும் அதற்குக் காரணமில்லை.

தனியாக வளர்த்தால் ஒட்டும் என்பது குஞ்சுகளை வைத்து வந்த பேச்சு. பொரிந்ததும் கண்ணில் படுகிற அசையும் உருவத்தைத் தாயாக நினைத்துப் பின்தொடரும் இந்தக் குணத்தை, கான்ராட் லோரன்ஸ் 1930களில் சாம்பல் நிறக் கூஸ்களிடம் பார்த்து விளக்கினார். அவருக்கு 1973இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது பொரிந்த முதல் சில நாட்களின் கதை. வளர்ந்த கூஸ் உங்களை நம்பப் பழகும், கையிலிருந்து இலை வாங்கித் தின்னும், குரல் கேட்டால் ஓடி வரும். கூட்டத்தோடு இருக்கும்போதும் இதெல்லாம் நடக்கும். சொல்லப்போனால் பயமில்லாத கூஸ்தான் சீக்கிரம் பழகும்.

இனி அந்தக் கோணல் இறக்கை. 'ஏஞ்சல் விங்' என்று இதைச் சொல்வார்கள். குஞ்சாக வளரும் வாரங்களில் புரதமும் சக்தியும் அளவுக்கு மீறிய தீவனம் கிடைத்தால், பறக்கும் இறகுகள் ரத்தத்தோடு கனமாக முளைக்கும். கடைசி மூட்டுக்கு அந்தப் பாரத்தைத் தாங்க வலு இருக்காது. மூட்டு வெளிப்பக்கம் திரும்பிவிடும். குஞ்சுப் பருவத்தில் கண்டுபிடித்தால் சில நாள் கட்டுப்போட்டுத் திருத்தலாம். எலும்பு முற்றிய பிறகு திருத்த முடியாது. ஆனால் அது தொற்று நோய் இல்லை, பொதுவாக வலியும் இருக்காது. வீட்டுக் கூஸ் பறந்து பிழைக்க வேண்டியதும் இல்லை. வெளியே நீட்டிய இறகுகள் கம்பி வலையில் மாட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒரே ஒரு விஷயம்: இறக்கை வெளியே நீட்டி நிற்காமல் கீழே தொங்கினால், அது பழைய எலும்பு முறிவாக இருக்கலாம். அதை ஒரு பறவை மருத்துவர் தொட்டுப் பார்க்கட்டும்.

'நல்லதாக ஒன்று' என்று தேர்ந்தெடுக்கும் முன், காப்பகத்துக்குப் போய் ஓரமாக அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். யார் நகர்ந்தால் யார் பின்னால் போகிறது, படுக்கும்போது யார் பக்கத்தில் யார் என்று கவனியுங்கள். நீங்கள் விட்டுவர நினைத்ததுதான் அந்த ஆணின் ஜோடியாக இருக்கலாம். ஓர் ஆணுக்கு இரண்டு பெண் என்பது அமைதியாக இருக்கக்கூடிய குடும்பம். இது தானாக அமைந்திருப்பது உங்கள் அதிர்ஷ்டம்.

பத்து நாள் கணக்கை விட்டுவிடுங்கள். வேலி முடிந்த பிறகு வருகிறோம் என்று சொல்லுங்கள். நன்றாக நடக்கும் எந்தக் காப்பகமும் இதற்குச் சம்மதிக்கும். அந்த இடைவெளியில் அவர்களிடம் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு: ஒவ்வொன்றின் எடை, எச்சப் பரிசோதனை முடிவு, குடற்புழு மருந்து கொடுத்த தேதி. கூஸின் இரைப்பையில் தங்கும் ஒருவகைப் புழு, நன்றாகத் தின்னும் பறவையைக்கூட இளைக்க வைத்துவிடும். எடை என்பது இனத்தைப் பொறுத்தது. சீன வகையானால் 4, 5 கிலோ. எம்டன் போன்ற பெரிய வகையில் ஆண் 10 கிலோவையும் தாண்டும். அதனால் எண்ணை மட்டும் பார்க்காமல் நெஞ்சைத் தடவிப் பாருங்கள். நடு எலும்பின் இரு பக்கமும் சதை இருக்க வேண்டும். கத்தி முனைபோல எலும்பு மட்டும் கையில் தட்டினால், அந்தப் பறவை இன்னும் சில வாரம் மருத்துவர் பார்வையில் இருப்பது நல்லது.

அப்புறம் கால். ஒரு வருடம் சிமென்ட் தரை என்றீர்களே, எனக்கு அதுதான் பெரிய கவலை. கடினமான, ஈரமான, எச்சம் படிந்த தரையில் நாளெல்லாம் நின்றால் உள்ளங்காலில் தோல் தேய்ந்து வெடிக்கும். அதன் வழியே கிருமி புகுந்து உள்ளே கெட்டியான சீழ்க்கட்டி உருவாகும். 'பம்பிள்ஃபுட்' என்பது இதுதான். காலைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் கறுப்பாக, பொத்தான்போல ஒரு பொருக்கு தெரியும். சுற்றி வீங்கி, தொட்டால் சூடாக இருந்தால் கிருமி உள்ளே வேலை செய்கிறது என்று அர்த்தம். வீட்டிலேயே அந்தப் பொருக்கைத் தோண்டி எடுக்காதீர்கள். அப்படித் தோண்டி எலும்புவரை கிருமி போன கால்களைப் பார்த்திருக்கிறேன். வீக்கம் இருந்தால் மருத்துவர் பார்க்கட்டும். வெறும் தடிப்பு என்றால் மெத்தென்ற புல்லும், காய்ந்த படுக்கையும், தினம் கொஞ்சம் நீச்சலும் நாளடைவில் குறைத்துவிடும். நீந்தும்போது காலுக்குப் பாரம் இல்லையல்லவா.

நீச்சல் என்றதும் உங்கள் குளம் நினைவுக்கு வரும். அங்கேதான் அவசரப்படக் கூடாது. வால் தொடங்கும் இடத்தில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி உண்டு. கூஸ் குளித்துவிட்டு, அலகால் அதைத் தேய்த்து, ஒவ்வோர் இறகாகக் கோதிப் பூசும். அந்த எண்ணெயும், ஒழுங்காகப் பின்னிக்கொண்ட இறகு இழைகளும் சேர்ந்துதான் தண்ணீரை உடம்பில் ஒட்டவிடாமல் வைக்கின்றன. ஒரு வருடம் குளிக்காத பறவையின் இறகு உடைந்து, அழுக்கேறி, பிரிந்து கிடக்கும். அதைக் கொண்டுபோய் நேராக ஆழமான தண்ணீரில் விட்டால் பஞ்சு மாதிரி நனையும். பார்ப்பவர்கள், ஆஹா, எவ்வளவு ஆசையாகக் குளிக்கிறது என்று மகிழ்வார்கள். கால் மணி நேரத்தில் முதுகு தாழும், குளிரில் நடுங்கும், கரையேறத் தெம்பு இருக்காது. நீர்ப்பறவை தண்ணீரில் மூழ்கிச் சாவது நம்ப முடியாததுபோல இருக்கும், ஆனால் நடக்கிறது.

எனவே குளத்தை முதலில் வேலி போட்டுத் தடுத்துவிடுங்கள். ஒரு பெரிய, தாழ்வான தொட்டியில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் வைத்து, ஏறி இறங்க இரண்டு செங்கல்லோ சொரசொரப்பான பலகையோ போடுங்கள். காலையில், வெயிலும் காய்ந்த வைக்கோலும் பக்கத்தில் இருக்கும் நேரமாகக் குளிக்கவிட்டு, கூடவே நில்லுங்கள். தேறிவிட்டதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, கையில் நீர் அள்ளி முதுகில் தெளிப்பது. முத்து முத்தாக உருண்டு ஓடினால் தேறுகிறது. கறையாகப் பரவி உள்ளே இறங்கினால் தொட்டியே போதும். உடைந்த இறகு ஒட்டாது. அடுத்த இறகு உதிர்ப்பு வரை காத்திருக்கத்தான் வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பறக்கும் இறகுகளை மொத்தமாக உதிர்த்துவிட்டுப் புதிதாக முளைக்கவிடும். அந்தச் சில வாரங்கள் பார்க்கப் பரிதாபமாக இருக்கும், பயந்துவிடாதீர்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: மூன்று கூஸும் மீன் குளமும் ஒத்துப்போகாது. இவை நாளெல்லாம் எச்சமிடும். சின்னக் குளம் சீக்கிரமே பச்சைக் குழம்பாகிவிடும், மீன்களுக்கும் மூச்சு முட்டும். தேங்கி நாறும் நீரில் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நஞ்சு உருவாகும் ஆபத்தும் உண்டு. அது தாக்கினால் கழுத்து துவண்டு விழுந்துவிடும். தினம் கவிழ்த்து நிரப்பக்கூடிய தொட்டியே நிரந்தர ஏற்பாடாக இருந்தாலும் கூஸ் மகிழ்ச்சியாக இருக்கும். குடிக்கும் வாளி மட்டும் தலை முழுவதும் முங்கும் ஆழத்தில் இருக்க வேண்டும். கண்ணையும் மூக்குத் துளையையும் அது கழுவுவது அப்படித்தான். தட்டையான கிண்ணத்தில் தண்ணீர் வைத்த வீடுகளிலிருந்து கண் ஒட்டிப்போன கூஸ்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன.

கோழிகளோடு சேர்ப்பதற்கு முன் முப்பது நாள் தனிமை. வேறு கொட்டகை, வேறு வாளி, வேறு செருப்பு. காலையில் முதலில் கோழிகளைக் கவனித்துவிட்டுக் கடைசியாகக் கூஸ்களிடம் போங்கள். நீர்ப்பறவைகள் தமக்கு ஒன்றும் ஆகாமலேயே பறவைக் காய்ச்சல் கிருமியைச் சுமக்கலாம், கோழிகள் தாங்காது. இன்று உலகமெங்கும் பரவியிருக்கும் எச்5என்1 வகையின் மூதாதையை 1996இல் சீனாவின் குவாங்தொங்கில் கண்டுபிடித்ததே ஒரு பண்ணைக் கூஸிடம்தான். காப்பகத்திலிருந்து பறவைகளைக் கொண்டுவர உங்கள் பகுதியில் பரிசோதனையோ அனுமதியோ தேவையா என்று கால்நடைத் துறையில் கேட்டுவிடுங்கள். முப்பது நாள் முடிந்த பிறகும் கொட்டகை தனித்தனியாகவே இருக்கட்டும். கூஸ்கள் படுக்கையை ஈரமாக்கும், கோழிக்கு அது ஆகாது.

கொட்டகைக்கு ஆடம்பரம் வேண்டாம். ஒன்றுக்கு ஒரு சதுர மீட்டருக்குக் குறையாத இடம், மேலே காற்று போகும் திறப்பு, மழை அடிக்காத பக்கம் வாசல். ஏறி உட்காரக் கம்பு தேவையில்லை, தரையில்தான் படுக்கும். வாசலை மட்டும் அகலமாக வையுங்கள், முக்கால் மீட்டருக்குக் குறையாமல். மூன்றும் ஒரே நேரத்தில்தான் நுழையப் பார்க்கும், ஒடுக்கமான வாசலில் இறக்கையும் காலும் அடிபடும். வைக்கோலைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். புழுங்கல் வாடையோ வெள்ளைத் தூளோ இருந்தால் வேண்டாம். அந்தப் பூஞ்சை நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டால் காப்பாற்றுவது மிகக் கடினம்.

கூஸ் நாயையே விரட்டும் என்பார்கள். பகலில் வீரமாகச் சீறும், உண்மைதான். இரவில் தரையில் படுத்திருக்கும் கனமான பறவைக்குத் தப்பிக்க வழியே இல்லை. இருட்டுவதற்குள் உள்ளே விட்டுத் தாழ்ப்பாள் போடுவது தவறவே கூடாத வேலை. சாதாரணக் கோழி வலையை நாய் பல்லால் கிழித்துவிடும். தடித்த பற்றவைத்த கம்பி வலையாக, ஆள் உயரத்துக்குப் போட்டு, அடிப்பகுதியை மண்ணுக்குள் வளைத்துப் புதையுங்கள். வெட்டி விழும் கம்பித் துண்டு, ஆணி, திருகாணி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் பொறுக்கிவிடுங்கள். பளபளப்பாக எதைப் பார்த்தாலும் கூஸ் விழுங்கும், துத்தநாகமும் ஈயமும் அதற்கு விஷம். உங்கள் நாய் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் முதல் மாதங்களில் வேலிக்கு அந்தப் பக்கம், கயிற்றோடுதான்.

தீவனம் பெரிய விஷயம் இல்லை, ஏனென்றால் புல்தான் சாப்பாடு. மூன்றுக்கும் சேர்த்து நூறு சதுர மீட்டராவது புல்தரை இருக்கட்டும். இருமடங்கு இருந்தால் பாதியாகப் பிரித்து மாற்றி மாற்றி மேயவிடலாம். புல் குட்டையாக இருக்க வேண்டும். நீண்டு முற்றிய புல் தொண்டைக்குக் கீழே பந்தாகச் சுருண்டு அடைத்துக்கொள்ளும். களைக்கொல்லி அடித்த புல் கூடாது, அரளிச் செடி எட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது. மேலே கொஞ்சம் நீர்ப்பறவைத் தீவனம், கொஞ்சம் தானியம், வயிற்றில் இரையை அரைப்பதற்குக் கரட்டு மணல். உங்கள் கோழிகளின் முட்டைத் தீவனத்தை மட்டும் இவை தின்னவிடாதீர்கள். அதில் சுண்ணாம்புச்சத்து மிக அதிகம், முட்டையிடாத பறவையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ரொட்டியும் வேண்டாம். தீவனத் தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும், இல்லாவிட்டால் தொண்டையில் அடைக்கும்.

கூட்டிவரும் நாளில் வெயில் ஏறும் முன் கிளம்பிவிடுங்கள். வழுக்காத விரிப்பு போட்ட, காற்றோட்டமான பெட்டிகள் போதும். தூக்கும்போது காலையோ இறக்கையையோ பிடிக்கக் கூடாது. இரு இறக்கைகளையும் உடம்போடு அணைத்து, அடியில் கை கொடுத்து, தலை உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி இடுக்கிக்கொள்ளுங்கள். அலகு உங்கள் முகத்துக்கு எட்டாது. வந்ததும் ஒரு வாரமாவது கொட்டகையும் சின்ன அடைப்பும் மட்டும். வீடு இது என்று அது கற்றுக்கொள்ள வேண்டும்.

உங்கள் மகனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் முகமும் கூஸின் அலகும் கிட்டத்தட்ட ஒரே உயரம். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் கூஸ், கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறிக்கொண்டு வரும். குரலே அடையாளம் காட்டும்; ஆணுக்குக் கீச்சென்ற உயர்ந்த குரல், பெண்ணுக்குக் கனத்த குரல். அப்போது ஓடினால் துரத்தும். பெரியவர்கள் கைகளை அகல விரித்து நின்ற இடத்தில் நிற்க வேண்டும், ஓரடி முன்னே வைத்தாலும் நல்லது. அடிக்கக் கூடாது, அடித்தால் அடுத்த முறை இன்னும் பயந்துபோய் இன்னும் வேகமாக வரும். இறக்கை முட்டியால் வாங்கும் அடி பெரியவர்களுக்கே நன்றாகக் கன்றிப்போகும். பிள்ளையை எந்தப் பருவத்திலும் தனியாக உள்ளே விடாதீர்கள். வேலிக்கு வெளியிலிருந்து இலை கொடுக்கட்டும், கொடுத்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். அவனுக்கு அது போதுமான சந்தோஷம்.

பெண்கள் முட்டையிடும். பொரிக்கவிட்டால் அடுத்த வருடம் வீடு தேட வேண்டிய குஞ்சுகள் உங்கள் கையில் இருக்கும். மீட்பு வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் கண்ட கதை இது. கூட்டிலிருந்து எல்லா முட்டையையும் எடுத்தால் மேலும் மேலும் இட்டு உடம்பு தளரும். புதிதாக இட்டதை எடுத்துவிட்டு அதே அளவில் மரமுட்டையோ பீங்கான் முட்டையோ வைத்துவிடுங்கள். ஒரு மாதம் போல அடை கிடந்துவிட்டுத் தானே எழுந்துவிடும். முட்டையிடும் நாட்களில் சிப்பித் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், வேண்டியது எடுத்துக்கொள்ளும்.

நன்றாக வைத்துக்கொண்டால் கூஸ் இருபது வருடம் வாழும். உங்கள் மகனுக்கு இருபத்தைந்து வயது ஆகும்போதும் இவை வாசலில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கலாம். வெளியூர் போனால் யார் இரவில் தாழ்ப்பாள் போடுவது, விடியற்காலைச் சத்தத்தைப் பக்கத்து வீட்டார் பொறுத்துக்கொள்வார்களா, இதையெல்லாம் இப்போதே பேசிவிடுங்கள். எல்லாம் பார்த்துவிட்டு நம்மால் ஆகாது என்று முடிவெடுத்தால் அதைக் காப்பகத்திடம் தயங்காமல் சொல்லுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு முடியாமல் போய் ஏரியில் கொண்டுபோய் விடுவதுதான் நடக்கவே கூடாதது. வீட்டுக் கூஸுக்கு அங்கே பிழைக்கத் தெரியாது.

இன்று மாலை காப்பகத்துக்கு ஒரு போன் செய்து, இரவில் மூன்றும் எப்படிப் படுக்கின்றன என்று கேளுங்கள். அப்படியே ஆறு உள்ளங்கால்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படங்களையும், வேலி முடிந்ததும் கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியின் படத்தையும் எனக்கு அனுப்பிவையுங்கள். பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன்.